ஒடுக்கு எடுக்கும் கருவிகளை நாமே செய்துகொள்வது: பழைய கார்க்காரர்களுக்கு

கேள்வி, ஜனவரி 5

சென்னையில் 1986 மாடல் பிரீமியர் பத்மினி வைத்திருக்கிறேன். இடது முன் மட்கார்டில் ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு ஒடுக்கு. ஓட்டுநர் கதவின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு இன்னொன்று. கதவை விரலால் அழுத்தினால் உள்ளே போய், விட்டதும் 'டப்' என்று வெளியே வருகிறது. டிங்கர் கடையில் இரண்டையும் பட்டி வைத்து மூடிவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. வெளிநாட்டுச் சுத்தியல், டாலி செட் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அது இல்லாமல் தகட்டு வேலையில் கை வைக்கவே கூடாது என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

ஜனவரி 5, இரவு

உண்மையில்லை. என்னிடம் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதன் பானெட்டில் நான் பயன்படுத்திய கருவிகள் எல்லாம் பழைய இரும்புக் கடையிலும் லேத் பட்டறையிலும் மரக்கடையிலும் கிடைத்தவைதான். ஸ்பிரிங் பட்டைத் துண்டு, ஆக்சில் துண்டு, பழைய பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு கோக்கும் சிறு இரும்பு உருளை), புளிய மரக்கட்டை.

விலை உயர்ந்த செட்டில் நாம் காசு கொடுப்பது இரண்டு விஷயத்துக்கு: கருவியின் வடிவம், அடிக்கும் முகத்தின் வழவழப்பு. இரண்டையும் அரத்தாலும் எமரியாலும் கொடுத்துவிடலாம். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

முதலில் சுத்தியல். நம் பழைய கார்களின் தகடு ஏறக்குறைய 20 கேஜ், அதாவது 1 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கடையில் வாங்கிய சுத்தியலை அப்படியே எடுத்து அதில் தட்டினால், அதன் விளிம்பு பிறை வடிவில் ஒரு தடத்தைப் பதித்துவிடும். அந்தப் பிறையை எடுப்பது ஒடுக்கை எடுப்பதைவிடக் கஷ்டம். அதனால் 300 முதல் 400 கிராம் தலை உள்ள சாதாரணச் சுத்தியலை வாங்கி, அதன் முகத்தை மாற்றுங்கள். நடு லேசாக மேடாகவும் விளிம்பு முழுக்க உருண்டும் இருக்க வேண்டும். ஸ்டீல் ஸ்கேலை முகத்தின்மேல் நிறுத்தி வெளிச்சத்தில் பார்த்தால் நடுவில் தொட்டு, இரண்டு ஓரத்திலும் மெல்லிய கீற்றாக ஒளி தெரிய வேண்டும். அதற்கு மேல் வளைவு வேண்டாம்.

பெஞ்ச் கிரைண்டரில் தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். முகம் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் 120, 220, 400, 600 என்று வாட்டர் பேப்பர். கடைசியில் பஃப். நம் முகம் மங்கலாகவாவது அதில் தெரிய வேண்டும். சுத்தியல் முகத்தில் உள்ள கீறல் எல்லாம் தகட்டில் பதியும்.

ஜனவரி 6

டாலி. தகட்டுக்குப் பின்னால் கையில் பிடிக்கும் இரும்புக் கட்டி. இதற்கு எல்லோரும் முதலில் சொல்வது தண்டவாளத் துண்டு. நல்ல இரும்புதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத தண்டவாளத் துண்டை வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டத்தின்படி குற்றம். ஒரு கிலோ இரும்புக்காக அந்த வம்பு எதற்கு?

லேத் பட்டறையில் போய் இஎன் 8 (நடுத்தரக் கார்பன் இரும்பு) உருளைக் கம்பி 75 மில்லிமீட்டர் விட்டத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் 40 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு வில்லை வெட்டினால் 1.4 கிலோ வரும். டாலிக்கு அருமையான எடை. ஒரு பக்கத்தை ஏறக்குறையத் தட்டையாக வைத்து, மறுபக்கத்தைக் குவிவாகக் கடைந்து தரச் சொல்லுங்கள். தட்டைப் பக்கத்து விளிம்பில் பாதி வட்டத்தை நன்றாக உருட்டிவிட்டு, மீதிப் பாதியைக் கொஞ்சம் கூர்மையாக விடுங்கள். மட்கார்டின் மடிப்பு ஓரங்களுக்கு அந்தக் கூர்மை தேவைப்படும். லாரி ஆக்சில் துண்டு கிடைத்தால் அதுவும் சரிதான், கடைவதற்குத்தான் அதிக நேரம் ஆகும்.

டாலியின் வளைவு, நீங்கள் வேலை செய்யும் இடத்தின் வளைவைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் டாலியின் ஓரங்கள் தகட்டில் இடிக்கும், நடு தொடவே தொடாது. உங்கள் காரில் நசுங்காத வலது மட்கார்ட் இருக்கிறது அல்லவா? கனமான அட்டையை அதன் வளைவுக்கு வெட்டி லேத்துக்கு எடுத்துப் போங்கள். காருக்கு ஏற்ற கருவி என்பது இதுதான். பெட்டியில் வரும் செட் எந்தக் காரையும் மனதில் வைத்துச் செய்தது இல்லை.

ஜனவரி 6, இரவு

பழைய மளிகைக் கடை எடைக்கல்லை டாலியாக வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது வார்ப்பிரும்பு. ஓரம் தெறிக்கும். கண்ணுக்கு நேராகத் தெறிக்கும். வார்த்துதான் செய்வேன் என்றால், கோயம்புத்தூர் பக்கம் உள்ள ஃபவுண்டரிகளில் எஸ்ஜி அயர்ன் (எளிதில் தெறிக்காத வார்ப்பிரும்பு வகை) வார்ப்பவர்களிடம் கேளுங்கள். அது அடி தாங்கும்.

பிஸ்டன் பின்னை மறந்துவிடாதீர்கள். மெக்கானிக் கடையில் தூக்கிப் போடும் பொருள். மேல்தோல் கடினம் ஏற்றப்பட்டு, ஏற்கெனவே வழவழப்பாக இருக்கும். ஹெட்லைட் வளையத்தைச் சுற்றி உள்ள குறுகலான இடத்துக்கு அதைவிட நல்ல டாலி நான் பார்க்கவில்லை.

ஜனவரி 9

நான் மிக அதிகமாகக் கையில் எடுக்கும் கருவி சுத்தியல் இல்லை. ஸ்பிரிங் பட்டையில் செய்த தட்டுப்பட்டை. வெளிநாட்டார் ஸ்லாப்பர் என்பார்கள். சுத்தியல் ஒரு புள்ளியில் அடிக்கிறது, இது அகலமான பரப்பில் அடிக்கிறது. அதனால் தகடு நீளாமல் படிகிறது. புதிதாக வேலை பழகுபவருக்குச் சுத்தியலைவிட இதுதான் பாதுகாப்பு.

லாரி பட்டை ரொம்பக் கனம். ஜீப், அம்பாசிடர் போன்ற வண்டிகளின் பின் ஸ்பிரிங் பட்டை கையில் அடங்கும். பழைய வண்டிப் பாகம் விற்கும் புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்காமல் போகாது. ஒன்றேகால் அடி நீளம் போதும். நடுத்துளை உள்ள பகுதியைத் தவிர்த்து வெட்டுங்கள். வெட்டும்போது டிஸ்க் நெருப்புப் பொறி பறக்கும், பக்கத்தில் பெட்ரோல் நனைந்த துணி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொல்லர் பட்டறையில் கொடுத்து, கைப்பிடி வரும் பாதியைச் சிவக்கக் காய்ச்சி இரண்டு வளைவு வளைக்கச் சொல்லுங்கள். முதல் வளைவு மேலே தூக்க, இரண்டாவது வளைவு மறுபடி படுக்கையாக்க. கைப்பிடி, அடிக்கும் முகத்தைவிட இரண்டு விரல் உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வோர் அடிக்கும் விரல் மூட்டு பானெட்டில் இடிக்கும்.

முகத்தில்தான் பொறுமை வேண்டும். பழைய பட்டையில் துருப் பள்ளங்கள் இருக்கும், ஒன்று விடாமல் தேய்த்துப் போக்குங்கள். பட்டையின் இயற்கையான லேசான வளைவை மட்டும் அப்படியே விடுங்கள். அதைத் தட்டையாக்கப் போகாதீர்கள், அந்த வளைவுதான் வேலை செய்கிறது. நான்கு ஓரத்தையும் விரலால் தடவினால் எங்கே முகம் முடிகிறது என்று தெரியக் கூடாது. கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் அதிர்வு குறையும்.

இரண்டு செய்துகொள்ளுங்கள். ஒன்றின் முகத்தில் செருப்புத் தைப்பவரிடம் வாங்கிய தோலை ஒட்டி வையுங்கள். கடைசிக் கட்டத்தில், பெயிண்ட் சேதமாகாமல் தட்ட அது உதவும்.

ஜனவரி 10

ஒருவர் பட்டையை வளைத்தவுடன் தண்ணீரில் முக்க, அது விரிசல் விட்டுவிட்டதாம். ஸ்பிரிங் இரும்பு அப்படித்தான். அதில் கார்பன் அதிகம், தண்ணீர்த் துவைச்சல் (சூடாக முக்கிக் கடினமாக்குவது) தாங்காது. காய்ச்சி வளைத்ததைக் காற்றில் ஆற விடுங்கள் போதும். நேரம் இருந்தால் சாம்பலுக்குள் புதைத்து ஆற விடுங்கள், அரம் நன்றாகப் பிடிக்கும். தட்டுப்பட்டைக்குத் துவைச்சலே தேவையில்லை. அது வெட்டுவதற்கு இல்லை, தகடு அதைவிட மிருது.

பழைய அரத்தில் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறார். செய்யலாம். ஆனால் முதலில் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் மெல்ல ஆற்றியே ஆக வேண்டும். கடையில் வாங்கிய நிலையிலேயே அரத்தை வைத்து அடித்தால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் முறிந்து தெறிக்கும்.

ஜனவரி 14

இன்று பொங்கல். சுருக்கமாக.

கொட்டாப்புளி, அதாவது மரச் சுத்தியல்: புளிய மரத்தின் வைரத்தில் (கெட்டியான நடுக்கட்டையில்) கடைந்து வாங்குங்கள். நார் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருப்பதால் எளிதில் பிளக்காது. ஒரு முனை தட்டையாகவும் மறுமுனை உருண்டையாகவும் இருக்கட்டும். கைப்பிடிக்குக் கருவேலம்.

மணல் பை: பழைய தோல் அல்லது கனமான கித்தான் துணி, இரட்டைத் தையல், நன்றாகச் சலித்துக் காய்ந்த ஆற்று மணல். முக்கால் பாகம் நிரப்பினால் போதும், நிறைய அடைத்தால் கல்லாகிவிடும். கழற்றிய தகட்டை இதன்மேல் வைத்துக் கொட்டாப்புளியின் உருண்டை முனையால் தட்டினால், பெரிய ஒடுக்கின் முதல் பாதி அங்கேயே வந்துவிடும். கழற்றவே முடியாத பகுதிக்கு இது உதவாது.

ஜனவரி 19

கேள்வி கேட்ட நண்பர் சுத்தியலும் டாலியும் தயாராக்கி, மட்கார்டின் உள்ளே கையை விட்டு ஒடுக்கின் நடுவில் அடித்திருக்கிறார். வெளியே சின்னச் சின்னக் கொப்புளங்களாக வந்திருக்கின்றனவாம். கருவி சரியில்லையா என்று கேட்கிறார். படத்தைப் பார்த்தேன். கருவி நன்றாகவே இருக்கிறது. அடித்த இடம்தான் விஷயம்.

ஒடுக்கு விழும்போது முதலில் நடு உள்ளே போகிறது. அப்புறம் அதைச் சுற்றி ஒரு வரப்பு எழும்புகிறது. கடைசியாக உண்டான அந்த வரப்புதான் நடுவை வெளியே வர விடாமல் பூட்டி வைத்திருக்கிறது. ஆகவே கடைசியாக வந்ததை முதலில் எடுக்க வேண்டும். வரப்பைப் படிய வைத்தால் நடு தானாகவே பாதி எழும்பும். நடுவையே உள்ளிருந்து குத்தினால், பூட்டை உடைக்காமல் கதவை இடிக்கிற கதைதான். தகடு போக வழியில்லாமல் நீளும். நீண்டது கொப்புளமாக நிற்கும்.

எப்படி அடிப்பது? உள்ளே, பள்ளத்தின் அடியில் டாலியை வைத்து நன்றாக அழுத்திப் பிடியுங்கள். வெளியே, பள்ளத்துக்குப் பக்கத்தில் உள்ள வரப்பின்மேல் சுத்தியலால் தட்டுங்கள். கவனியுங்கள், இரண்டும் ஒரே இடத்தில் இல்லை. சுத்தியல் மேட்டை இறக்குகிறது, துள்ளித் திரும்பும் டாலி பள்ளத்தை ஏற்றுகிறது. ஒரே அடியில் இரண்டு வேலை. வெளி ஓரத்திலிருந்து தொடங்கி, சுற்றி வந்து, உள்நோக்கி நகருங்கள்.

இதைக் காதால் பழகலாம். டாலி நேர் பின்னால் இருந்தால் 'ணங்' என்று மணிச் சத்தம் வரும். விலகி இருந்தால் 'தொப்' என்று மொக்கையாகக் கேட்கும். ஒடுக்கை ஏற்றும் கட்டத்தில் 'தொப்' மட்டும்தான் கேட்க வேண்டும். 'ணங்' என்றால் இரண்டு இரும்புக்கு நடுவே தகட்டை நசுக்கி நீட்டுகிறீர்கள். கடைசியில் சின்ன மேடுபள்ளத்தைச் சமன் செய்ய மட்டும் லேசான 'ணங்' வேண்டும், அதுவும் சுத்தியலின் எடையே விழுகிற அளவுக்கு.

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பித்தளைப் பாத்திரம் தட்டுபவர்களின் அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சுத்தியல் ஒரு சாணுக்கு மேல் எழும்புவதில்லை. ஒவ்வோர் அடியும் முந்தைய அடியின் பாதியை மூடுகிறது. அடி விழும் இடம் மாறுவதே இல்லை, பாத்திரம்தான் இரும்பின்மேல் சுழல்கிறது. நமக்குக் காரைச் சுழற்ற முடியாது. அதனால் கார் தகட்டில் வேலை செய்பவருக்கு இரண்டு கையும் ஒன்றையொன்று பார்க்காமலேயே சேர்ந்து நகர வேண்டியிருக்கிறது. ஒரு கை தகட்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. டிங்கர் மேஸ்திரிகளின் கைத்திறனுக்கு நான் தலைவணங்குவது இந்த இடத்தில்தான். கருவியைச் செய்துவிடலாம், இந்தப் பழக்கத்தைப் பழைய இரும்புக் கடையில் வாங்க முடியாது. குப்பையில் கிடக்கும் ஒரு பழைய கதவை வாங்கி, வேண்டுமென்றே நசுக்கி, அதில் பழகிவிட்டு உங்கள் மட்கார்டுக்கு வாருங்கள்.

கொப்புளங்களை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் வரப்பை இறக்குங்கள்.

ஜனவரி 20

ஹேர் டிரையரால் சூடாக்கி ஐஸ் வைத்தால் ஒடுக்கு தானாக வந்துவிடும் என்று ஒரு வீடியோ. வரப்பு உண்டான ஒடுக்கு அப்படி வராது. ரப்பர் பம்பை ஒட்டி இழுப்பதும் இதே கதை. மடிப்பே இல்லாத ஆழமற்ற குழிக்கு மட்டும் அது பலிக்கும். முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை, ஆனால் உங்கள் மட்கார்டுக்கு வேண்டாம்.

பெயிண்ட் போகாமல் கம்பியால் உள்ளிருந்து நெம்பி எடுப்பதைப் பற்றியும் கேட்டார்கள். கம்பெனி பெயிண்ட் அப்படியே இருக்கும் காருக்கு அது அருமையான முறை. நம் கார்கள் பலமுறை பெயிண்ட் பார்த்தவை, அடியில் பட்டியும் இருக்கும். நெம்பினால் அடுக்கடுக்காகப் பெயரும்.

ஜனவரி 26

கதவு விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் கடினமான பாதி.

அழுத்தினால் 'டப்' என்று போய் வருகிறது என்றால் அங்கே தகடு இருக்க வேண்டியதைவிட நீளமாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் உடனே முடிவு கட்டுகிறார்கள். சூடு வைத்துச் சுருக்கக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள். பல நேரம் தகடு நீண்டிருக்காது. ஓரத்தில் எங்கோ ஒரு சின்ன வரப்பு, நடுத் தகட்டை இறுக்கி வைத்திருக்கும். ஒரு கையால் நடுவை 'டப், டப்' என்று அழுத்திக்கொண்டே மறு கையின் கட்டைவிரலால் சுற்றிலும் ஒவ்வோர் இடமாக அமுக்கிப் பாருங்கள். எந்த இடத்தை அமுக்கினால் சத்தம் நிற்கிறதோ, வரப்பு அங்கே. அதைத் தட்டுப்பட்டையால் லேசாகத் தட்டி இறக்கினால் நடு தானாக இறுகிவிடும். என் ஹெரால்டின் டிக்கி மூடியில் அப்படித்தான் நடந்தது, டார்ச்சை எடுக்கவே இல்லை.

கதவுக்குள் டாலி நுழையாது. அதற்கு நீளமான கரண்டி வடிவக் கருவி வேண்டும். அதுவும் ஸ்பிரிங் பட்டைதான்: ஒரு முனையை அடித்து மெலிதாக்கி லேசாக வளைத்து, இரண்டடி நீளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள் அட்டையைக் கழற்றி, கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிட்டு, கீழ்த் துளை வழியாக உள்ளே விடலாம். கைப்பிடியின் மறுமுனையில் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்கு அரத்தால் ஒரு கோடு போட்டு வையுங்கள். உள்ளே போன பிறகு கண்ணுக்குத் தெரியாது.

எல்லாம் பார்த்த பிறகும் 'டப்' நிற்கவில்லை என்றால்தான் சூடு. கேஸ் டார்ச்சில் சிறிய நாசில். மேட்டின் உச்சியில் பழைய 25 பைசா அளவுக்கு மட்டும் சிவக்க வேண்டும். சூடான இடம் கூம்பாக எழும்பும். பின்னால் அந்தக் கரண்டிக் கருவியை லேசாகத் தாங்கி, கூம்பைச் சுற்றி இரண்டு மூன்று தட்டு, உடனே ஈரத்துணி. சூட்டில் இளகியது குளிரும்போது சுருங்கிச் சுற்றியுள்ள தகட்டை இழுக்கும். ஸ்பிரிங் இரும்பைத் தண்ணீரில் முக்காதே என்று சொல்லிவிட்டு இங்கே ஈரத்துணி போடச் சொல்கிறேனே என்று கேட்காதீர்கள். கார் தகட்டில் கார்பன் மிகக் குறைவு, தண்ணீர் பட்டால் விரிசல் விடாது.

ஒரு இடத்தைச் சுருக்கியதும் முழுக்க ஆற விட்டு, அழுத்திப் பாருங்கள். அடுத்தது தேவையா என்று அப்புறம் முடிவு செய்யுங்கள். அதிகம் சுருக்கினால் சுற்றியுள்ள பரப்பு முழுக்க இழுபட்டுச் சுருக்கம் விழும். தட்டையான கதவில் அது உடனே தெரியும்.

மட்கார்டிலோ கதவின் உட்புறத்திலோ பழைய தார் பூச்சு இருந்தால், சூடு வைப்பதற்கு முன் அந்த இடத்தில் சுரண்டி எடுத்துவிடுங்கள். வெளியே நீங்கள் டார்ச் பிடித்திருக்கும்போது உள்ளே தார் எரிந்துகொண்டிருக்கும், புகை வந்த பிறகுதான் தெரியும். பக்கத்தில் தண்ணீர் வாளி, இன்னொரு ஆள். பெட்ரோல் டேங்க் இருக்கும் பக்கத்தில் டேங்கைக் கழற்றாமல் டார்ச் வேண்டவே வேண்டாம்.

ஜனவரி 27

ஆங்கிள் கிரைண்டரில் எவர்சில்வர் தட்டை மாட்டிச் சுருக்கும் முறையை ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். அந்த முறை நல்ல முறை. சுழலும் தட்டு மேட்டை மட்டும் உரசிச் சூடாக்கும், பள்ளத்தைத் தொடாது. ஈரத்துணியால் துடைத்தால் மேடு இறங்கும். தட்டையான கதவுக்கு டார்ச்சைவிட இதில் ஆபத்து குறைவு, தகட்டைப் பொறுத்தவரை.

நமக்கு ஆபத்து அதிகம். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை சுற்றும். வீட்டில் வெட்டிய தட்டின் எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்காது, ஓரமும் கூர்மை. கழன்று பறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் நாமே செய்யலாம் என்று சொல்லும் இந்த இழையில் இதை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். வேகம் குறைந்த பெரிய கிரைண்டரில், பாதுகாப்பு மூடியுடன் பயன்படுத்துங்கள்.

பிப்ரவரி 1

முதல் நாள் சுத்தியலின் முகம் பற்றிச் சொன்னதை டாலிக்கும் அப்படியே பொருத்தி, சிலர் டாலியைப் பஃப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் டாலிக்கு அவ்வளவு பளபளப்பு தேவையில்லை என்றே நினைக்கிறேன். 220 எமரி போதும். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால் தகட்டில் வழுக்காமல் நிற்கிறது. முகத்தை முகம் பார்க்கும் அளவுக்குத் தேய்க்கும் நேரத்தை விளிம்புக்குச் செலவிடுங்கள்.

பிப்ரவரி 2

கை நுழையாத இடத்துக்கு இழுப்புச் சுத்தியல். 16 மில்லிமீட்டர் கம்பி, இரண்டரையடி. அதில் தடையில்லாமல் ஓடும்படி துளையிட்ட 2 கிலோ உருளை. பின் முனையில் உருளை மோதி நிற்க ஒரு தடிப்பான தட்டை வெல்டு, முன் முனையில் கொக்கி. ஒரு மதியத்தில் லேத்துக்காரர் முடித்துக் கொடுத்துவிடுவார்.

இதை எப்படித் தகட்டில் மாட்டுவது என்பதில்தான் எனக்குக் கோபம் வரும். தகட்டில் துளை போட்டு, ஸ்குரூ முறுக்கி இழுத்துவிட்டு, அதே துளைகளின்மேல் பட்டியை வழித்துவிடுவது நம் ஊரில் சாதாரணம். என் ஹெரால்டின் பானெட்டில் முன்பு யாரோ செய்த அப்படியொரு வேலையைச் சுரண்டினேன். விரல் தடிமனுக்குப் பட்டி, அதன் அடியில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் துரு மலர்ந்திருந்தது. மழைக்காலத்தில் பின்பக்கத்திலிருந்து ஈரம் அந்தத் துளை வழியாகத்தான் பட்டிக்குள் போகிறது. பட்டி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

துளை போடாதீர்கள். வாஷரை நிறுத்தி வைத்து ஒரு புள்ளி வெல்டு, கொக்கியால் இழு, முறுக்கி எடு, மிச்சத்தைத் தேய். இந்தத் தகட்டுக்கு சாதாரண ஆர்க் வெல்டிங் ஒத்து வராது, ஓட்டை விழும். மிக் வெல்டிங் வைத்திருப்பவரிடம் கொண்டு போங்கள். முலாம் பூசிய வாஷர் வேண்டாம், துத்தநாகப் புகை உடம்புக்குக் கெடுதல். இழுக்கும்போதும் வரப்பை மறக்க வேண்டாம்: ஒருவர் இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் தட்டுப்பட்டையால் வரப்பைத் தட்ட வேண்டும். வெறுமனே இழுத்தால் முளை முளையாக நிற்கும்.

பிப்ரவரி 8

ஒருவர் பட்டியை முற்றாக ஒதுக்கிவிட்டு, பழைய முறைப்படி ஈயம் ஏற்ற வேண்டும் என்கிறார். ஈயம் ஏற்றுவது அழகான வேலை. 70 பங்கு காரீயம், 30 பங்கு வெள்ளீயம் சேர்ந்த கலவை, 183 டிகிரியில் இளகத் தொடங்கி 250-ஐத் தாண்டும் வரை வெண்ணெய்ப் பதத்திலேயே நிற்கும். அந்த இடைவெளியில் கொழுப்பு தடவிய மரக்கட்டையால் வழிக்கலாம். ஆனால் அதை எமரியால் தேய்த்தால் வரும் தூசு காரீயம், நஞ்சு. அரத்தால் மட்டும் சீவ வேண்டும், சீவலைக் கூட்டி எடுக்க வேண்டும். குழந்தைகள் நடமாடும் வீட்டு முற்றத்தில் நான் செய்ய மாட்டேன்.

பட்டி எனக்குப் பகை இல்லை. ஒழுங்காக ஒடுக்கு எடுத்த தகட்டில் 1 மில்லிமீட்டருக்கு மெல்லிய படலமாகப் பூசினால் பல வருஷம் நிற்கும். ஒடுக்கு எடுக்கும் வேலைக்குப் பதிலாக அதைப் போடுவதுதான் தவறு.

பிப்ரவரி 9

மேடுபள்ளம் பார்ப்பது எப்படி என்று கேட்டவருக்கு. கண்ணை நம்ப வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியை உள்ளங்கைக்கும் தகட்டுக்கும் நடுவே வைத்து, நீளவாக்கில் மெதுவாகத் தடவுங்கள். விரல் நுனியால் அல்ல, முழு உள்ளங்கையால். வெறுங்கையின் வேர்வை தகட்டில் பிடித்துப் பிடித்து நிற்கும், துணி அந்தப் பிடிப்பை நீக்கி வடிவத்தை மட்டும் கைக்குச் சொல்லும். நசுங்காத மட்கார்டையும் இதேபோல் தடவிவிட்டு வந்து ஒப்பிடுங்கள்.

அப்புறம் ஓர் அடி நீளமுள்ள நேரான மரப்பலகையில் 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, கருப்பு மார்க்கரால் கோடு கோடாக அடித்த தகட்டில் ஓரிரு முறை இழுங்கள். மேட்டில் கருப்பு போய்விடும், பள்ளத்தில் நிற்கும். வளைவான இடத்துக்குப் பலகைக்குப் பதில் வளையக்கூடிய பிளாஸ்டிக் பட்டை. இதைக் கண்டுபிடிப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். மேடு போகும் வரை தேய்த்துக்கொண்டே இருந்தால் தகடு காகிதமாகிவிடும்.

ஏற்கெனவே பட்டி எங்கே இருக்கிறது என்று தெரிய, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்துங்கள். பிடிப்பு தளரும் இடத்தில் பட்டி. பழைய கார் வாங்கப் போகிறவர்களும் இந்தக் காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

பிப்ரவரி 23

நண்பர் படம் அனுப்பியிருக்கிறார். மட்கார்ட் வரப்பு இறங்கிவிட்டது, நடுவும் கிட்டத்தட்ட வந்துவிட்டது. கொப்புளங்களில் சில தானாகவே அடங்கிவிட்டன, மீதியைப் பிஸ்டன் பின்னும் லேசான 'ணங்'கும் பார்த்துக்கொள்ளும். கதவில் கீழ் ஓரத்து மடிப்புக்குப் பக்கத்தில்தான் வரப்பு இருந்திருக்கிறது. டார்ச் தேவைப்படவில்லை. ரொம்பச் சந்தோஷம். படத்தில் அவர் செய்த தட்டுப்பட்டையும் தெரிகிறது, கைப்பிடி வளைவு என்னுடையதைவிட நன்றாக வந்திருக்கிறது.

ஒன்று மட்டும் உடனே செய்ய வேண்டும். படத்தில் தகடு வெறுமையாக இருக்கிறது. சென்னைக் கடற்காற்றில் ஒரே ராத்திரியில் துரு பூக்கும். இன்றைக்கே தின்னரால் துடைத்து, கை படாமல், எபாக்ஸி பிரைமர் ஒரு கோட் அடித்துவிடுங்கள். பட்டி, தேய்ப்பு எல்லாம் அதன்மேல் நிதானமாகச் செய்யலாம். உட்புறத்தில் சுரண்டிய தாருக்குப் பதிலாக அங்கேயும் பிரைமர் அடித்து, அது காய்ந்த பிறகு புதிய பூச்சு. கதவின் அடி ஓரத்தில் தண்ணீர் வடியும் சின்னத் துளைகள் இருக்கும், அவற்றைப் பூச்சு அடைத்துவிடாமல் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள்.